வெளிக்காட்டு வேலைக்காரியின் நன்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏழு மாதம் என்னைப் பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

மதுரைக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. கைபேசி இந்திய நேரத்துக்கு மாறிவிட்டது, உடம்பு மாறவில்லை. உங்கள் ஊர் ஐந்தரை மணிக்கு, அதாவது இங்கே நடுராத்திரி மூன்றுக்கு, கண் தானாகத் திறந்துகொள்கிறது. அங்கே பாட்டி பழக்கிய பழக்கம்.

உங்கள் ஊருக்கு வந்த முதல் வாரம் மளிகைக்கடை அண்ணன் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு பசியா தெரிகிறது என்று கூசிப்போய், "காசு இருக்குண்ணா" என்றேன். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதைத்தான் அப்படிக் கேட்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரப்பர்த் தோட்டத் தமிழை ஆராய வந்தவளின் லட்சணம் அது. அன்றைக்குக் கொடுத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்துக்கு அண்ணன் கடைசிவரை காசு வாங்கவில்லை.

பாட்டியிடம், "களப்பணிக்காக வந்திருக்கேன்" என்று சொன்னதும், "ஓ, வெளிக்காட்டு வேலையா? புல்லு வெட்டவா, உரம் போடவா?" என்றார். நாற்பது கேள்விகளோடு போயிருந்தேன். 'மரப்பால் சேகரிப்பு முறை யாது?' என்று ஒன்று. அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். பெரட்டு (காலை ஆள்கணக்கு), நிரை (மர வரிசை), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), கோட்டுப்பால் (வெட்டுக்கோட்டில் உறைந்த பால்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை) எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தன.

வீட்டுக்குப் பின்னால் யாரும் வெட்டாமல் விட்ட நாலு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனைதான். ஒருநாள் விடியுமுன் பாட்டி பழைய உளியைத் தேடி எடுத்துக்கொண்டு கூப்பிட்டார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் அல்லவா. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவாக ஒரே இழுப்பு. பட்டை சீவல் நூலாய்ச் சுருண்டு விழுந்தது. வெட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி இறங்கின. அப்புறம் என் கையில் உளியைக் கொடுத்தார். நான் ஆழமாக இறக்கிவிட்டேன், கட்டை தெரிந்தது. "மரத்துக்குக் காயம் பண்ணிட்டியே!" என்றார். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளருமாம், மறுபடி வெட்ட ஆகாதாம். அந்தக் காலத்தில் இப்படிச் செய்தால் மண்டோர் (மேற்பார்வையாளர்) சும்மா விட்டிருப்பாரா?

நான் பதிவுசெய்த மூன்று மணிநேரப் பேச்சில் தகரக் கூரை மழை மட்டுமே கேட்டது வேறு கதை. பாட்டியிடம் அழாத குறையாகச் சொன்னேன். "மழை பேஞ்சா பால்வெட்டு இல்ல. நீயும் லீவு போடு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார். முதல் தடவை சொல்லாததெல்லாம் இரண்டாம் தடவை வந்தது.

எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதையும், அதையொட்டிக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீண்டதையும் படித்துவிட்டுத்தான் வந்தேன். பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவருக்கு அது, காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, வேலைக்காட்டுக்கு ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாமல் வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து சோதித்த காலம். பசியாறிட்டியா என்ற கேள்வி அதற்கப்புறம் எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது.

தோட்டத் துண்டாடலை, அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதை, பற்றி விடிய விடியப் பேசிய தாத்தாவுக்கும் நன்றி. தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்கவென்று, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாக (மலேசியப் பணம்) கட்டிய ரசீதுகளை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து, நீவி நீவிக் காட்டினார். படம் எடுக்கட்டுமா என்றதற்கு முதலில் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். படம் ரசீதைத்தான் என்று சொல்ல மனம் வரவில்லை, இரண்டையும் எடுத்தேன்.

ஓர் அலுவலகம் என் அனுமதிக் கடிதத்தை இரண்டு மாதம் இழுத்தடித்தபோது மலாய்க் கடிதங்களை எழுதிக் கொடுத்த ஆசிரியைக்கும், மோட்டாரில் செம்பனைக் காடெல்லாம் சுற்றிக்காட்டிய தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். தம்பி, பெட்ரோல் காசை உன் தலைக்கவசத்துக்குள் வைத்திருந்தேன், பார்த்தாயா?

சொற்பட்டியலின் படியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தப்பு இருந்தால் தாராளமாகக் கிறுக்குங்கள்.

பாட்டி, நான் பண்ணின காயம் மூடிவிட்டதா? தம்பியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.