ஓவியர் – சிற்பியர் சங்கம், கும்பகோணம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடலாம். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது படைப்புகளைப் பற்றியல்ல, அவற்றின் பக்கத்தில் ஒட்டும் கலைஞர் குறிப்பைப் பற்றித்தான். கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு படைப்புக்கும் குறிப்பு கட்டாயம் என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்திருந்தது. முதலில் வந்தவற்றில் பலவற்றை ஆள் மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. "இயற்கையே என் தூண்டுதல்", "உள்மனத் தேடலின் வெளிப்பாடு", "மரபும் நவீனமும் இணைந்த பாணி" என்றே எல்லாவற்றிலும் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தின் முன் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் ஒரு எழுத்துப் பட்டறை நடத்தினோம். ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு எழுதினார்கள்: என்ன பொருளில், எந்த வரிசையில் செய்தீர்கள்? எதைப் பார்த்ததிலிருந்து எது உள்ளே வந்தது? எதை வேண்டாமென்று விட்டீர்கள்? பாணி பெரும்பாலும் மூன்றாவதன் பதிலில்தான் கிடைக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு நம் பக்கத்துக் கலைஞர்களையே வைத்துக்கொண்டோம். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களில் நிறம் கிடையாது. கோட்டின் மேல் கோடு அடர்ந்தே நிழல் உண்டாகிறது. அதே கை பின்னாளில் உருவத்தை விட்டு, வண்ணப் பரப்புக்குப் போனது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் எழுத்துகள் ஜாதகக் கட்டுபோல நிரம்பியிருக்கும். வாசிக்க முடியாது, வாசிப்பதற்காகவும் அல்ல. சிற்பி பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள் முன்னிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை. கோயில் கவசத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உறவு உடனே பிடிபடும். மூன்றிலும் தூண்டுதலையும் செய்முறையையும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுவாமிமலை முறையில் வார்க்கும் உறுப்பினர் ஒருவரின் குறிப்பு மாறிய விதம் எல்லோருக்கும் பாடம். முதலில் வந்தது "ஆன்மிக ஆற்றலின் வடிவம்". பட்டறைக்குப் பின் அவர் கொடுத்தது இது: "தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி உருவம் பிடித்தேன். அதன்மேல் காவிரி வண்டல் பூசிச் சுட்டு, மெழுகு வடிந்த இடத்தில் உலோகம் ஊற்றினேன். வழக்கமாக அறுத்து அரத்தால் ராவிவிடும் ஓடைத் தண்டுகளை இதில் அப்படியே விட்டிருக்கிறேன். உலோகம் உள்ளே போன வழியும் உருவத்தின் உறுப்புதான்." அந்தச் சிற்பத்தின் முன் பார்வையாளர்கள் தண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

எந்தெந்தப் பொருள் என்று சொல்லாமல் 'மிக்ஸட் மீடியா' (கலப்பு ஊடகம்) என்று மட்டும் எழுதியவற்றைத் திருப்பி அனுப்பினோம். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் அடியில் எண்ணெய், மேலே அக்ரிலிக் என்றால் அந்தப் படலம் ஒட்டாமல் உரியும். அக்ரிலிக் மேல் எண்ணெய் என்றால் நிற்கும். வாங்குபவருக்கும் பின்னாளில் பழுது பார்ப்பவருக்கும் இது தெரிய வேண்டும். அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து, செ.மீ. கணக்கில். சிலர் மாற்றி எழுதியதால் பட்டியலில் நெடும்படங்கள் கிடைப்படங்களாகிவிட்டன.

அச்சிலும் தொல்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அச்சகத்தில் குப்பையாகத் திறந்தன. யுனிகோடில் வந்தவற்றிலும், அச்சகத்தின் பழைய மென்பொருள் 'கொ', 'கோ' ஆகியவற்றின் கொம்பைப் பிரித்துப் போட்டது. இனி மெய்ப்பை அச்சுத்தாளில்தான் திருத்துவோம், திரையில் அல்ல.

கண்காட்சி ஐப்பசி மழையில் அமைந்தது நம் தேர்வல்ல, அரங்கம் அப்போதுதான் கிடைத்தது. ஈரத்தில் கேன்வாஸ்கள் தொய்ந்தன. சட்டத்தின் மூலை ஆப்புகளை மெல்லத் தட்டியதும் பல சரியாயின. ஆணி அடித்து மூடிய சட்டங்களுக்கு அந்த வழியில்லை. நீர்வண்ணப் படங்கள் சிலவற்றில் காகிதம் கண்ணாடியைத் தொட்டதால் பூஞ்சை பிடித்தது. இடையில் மவுன்ட் அட்டை வைத்துக் காற்றுக்கு இடைவெளி விட்டிருந்தவை தப்பின. சுண்ணாம்புச் சுவரில் இருபக்க டேப் நிற்காமல் குறிப்பு அட்டைகள் இரவோடிரவாக உதிர்ந்தன, சில மாறி ஒட்டப்பட்டன. பழைய வகைக் குறிப்புகளாக இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்!

மாலை உரையாடல்களில் ஆளுக்குப் பத்து நிமிடம். வாழ்க்கை வரலாற்றில் தொடங்கியவர்களுக்கு நேரம் போதவில்லை. படைப்பைக் காட்டித் தொடங்கியவர்களிடம் மாணவர்கள் பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: குறிப்பு 80 முதல் 120 சொற்களுக்குள் இருக்க வேண்டும், பொருள், செய்முறை, ஆண்டு, அளவு இல்லாத படைப்பு பட்டியலில் சேராது, குறிப்பு அட்டையைச் சுவரில் ஒட்டாமல், படத்தின் வலப்பக்கம் மேல் கம்பியிலிருந்து தொங்கவிட வேண்டும், அடுத்த கண்காட்சியைத் தை மாதத்துக்கு மாற்ற அரங்கத்துக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டும். செயற்குழுத் தேர்தல் மனுக்களைத் துணைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.

— செயலாளர்