அரசு மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். சம்பளமும் பணி நிரந்தரமும் உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். 2015இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர் பிள்ளைகள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். என்னும் சுகாதாரத் துறை அலுவலக வளாகத்தில் போராடியது, அவற்றை அரசாங்கத்திடம் கேட்டுத்தான். உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டூட்டி சார்ட். போதனா மருத்துவமனையின், அதாவது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையின், பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. நைட் டூட்டியில் வார்டு முழுவதையும் ஒரே சிஸ்டர் பார்ப்பது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஆள் இல்லை, சரி. ஆனால் இரவெல்லாம் கண்விழித்து வீட்டுக்குப் போனவரை, "ஒருத்தர் லீவும்மா, மதியம் வந்துடு" என்று போனில் கூப்பிடுவதை உங்களால் நிறுத்த முடியும். நைட்டுக்கு அப்புறம் வரும் ஓய்வு நாளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு போடுங்கள். சார்ட்டை முன்கூட்டியே ஒட்டுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் ஒவ்வொரு மாதமும் கெஞ்சிக்கொண்டு நிற்க விடாதீர்கள். இன்டென்ட் (மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் சீட்டு), ஸ்டாக் புத்தகம், ஆன்லைன் பதிவு ஆகிய வேலைகளில் பாதியையாவது வேறு ஊழியருக்கு மாற்றினால், நோயாளியின் பக்கத்தில் நிற்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. உங்கள் வார்டு செவிலியருக்கு உடை மாற்ற ஒரு அறை, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை, குடிதண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள்.

அடுத்தது அடி, வசவு. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொலையான பிறகு, 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, இப்படி எது நடந்தாலும் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே காவல்துறையில் வழக்குப் பதியச் செய்ய வேண்டும் என்றது. இருந்தும் பல இடங்களில் அடி வாங்கிய பெண்ணே தனியாக ஸ்டேஷன் போகிறாள். "சமாதானமாப் போயிடும்மா" என்று மேலிடமே சொல்லும்போது அவள் வேறு யாரிடம் போவாள்? புகாரில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

கடைசியாக மெமோ, அதாவது தவறுக்கு விளக்கம் கேட்டு மேலிடம் தரும் கடிதம். மருந்து மாறிப்போனால் உடனே மெமோ வரும் என்று தெரிந்தால் தவறு வெளியே வராது. அதனால் கெடுவது நோயாளிதான். அந்த ஷிப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் டூட்டியில் இருந்தார்கள், அவர் எத்தனையாவது நைட் பார்த்தார் என்பதை முதலில் விசாரியுங்கள். அதன் பிறகும் மெமோ தேவை என்றால் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு செவிலியர்