அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அம்மிணி,

இங்கே சோமனூரில் எல்லோரும் நலம். பெரியம்மா வீட்டுக் கல்யாணப் பேச்சு, கிழக்குத் தறிக்கு மோட்டார் மாற்றியது எல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது உன் புதுப் பாட்டைப் பற்றி.

சின்னவன் ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினான். ரெண்டே கால் நிமிசம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தடவைதான் அந்த டிரம்ஸ் அடி என்னவென்று தெரிந்தது. தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து அடிக்கிற அடி. நம் தறிக் குடோனைத்தானே பெங்களூரில் வாசித்திருக்கிறாய்? மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது கண்ணு. பாவு நூல் இறக்க வந்தவரைக்கூட நிறுத்தி, என் மகள் பாட்டு என்று கேட்க வைத்தேன்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசி.

யார் யாரைக் கேட்டு இந்தப் பாட்டு வந்தது என்று நீ எழுதியிருந்ததையும் சின்னவன் படித்தான். சரி, அவர்களையும் கேட்போம் என்று ரமோன்ஸ் என்கிற அமெரிக்க பங்க் ராக் குழுவை எடுத்தேன். 1976-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. பாவு பிணைத்து முடிப்பதற்குள் ரெண்டு முறை கேட்டுவிட்டேன். உறவே இல்லாத நாலு பையன்கள், ரமோன் என்று ஒரே பேரை வைத்துக்கொண்டு பங்காளிகளாகிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த நாலு பேரில் இன்று ஒருவர்கூட இல்லையாமே. பாடுகிறவர் 2001-ல் போனபோது வயது 49. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கச்சேரி முடிந்து எத்தனை மணிக்கு, யாரோடு அறைக்குப் போகிறாய்?

அப்புறம் அந்த பாலி ஸ்டைரீன். சோமாலியா அப்பாவுக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கும் பிறந்த லண்டன் பெண், பல்லில் கம்பியோடு மேடையேறிப் பாடியிருக்கிறாள். பத்தாவது படிக்கும்போது உனக்குக் கம்பி கட்டியதும் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவாயே, அந்த ஞாபகம் வந்தது. அந்தத் தொண்டை அவளிடமிருந்து உனக்கு வந்தது என்று எழுதியிருக்கிறாய். இல்லை அம்மிணி. அது அதற்கு முன்பே உன்னிடம் இருந்தது.

"தறிச் சத்தத்துல கத்துனேன், ஆருக்குங் கேக்கல" என்று பாடுகிறாயே. எனக்குக் கேட்டது.

பன்னிரண்டு தறி ஓடும்போது எதில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நூல் சுற்றிய தார்கள் கிடக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ பாடியது ஒரு நாள் விடாமல் கேட்டது. ஒரு நாள் கிட்டே வந்து "அப்பா, கேட்டுச்சா?" என்றாய். தறிச் சத்தத்தில் என்ன கேட்கும், போய்ப் படி என்றேன். பொம்பளைப் பிள்ளை பாட்டு என்று கிளம்பிவிடுமோ, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களோ என்று பயம். பொய் சொன்னேன். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை, குடோன் பக்கம் வருவதும் நின்றுபோனது. 2022-ல் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தோமே, அப்போது வெறும் குடோனில் தார்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஊர்த் திருவிழா, நோம்பிக்கும் நீ வரவில்லை. கம்பத்தைச் சுற்றி ஆடும்போது துடும்பு மேளச் சத்தம் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். அவளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இடது காது எனக்கு இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. 35 வருசத் தறி. நாங்கள் யாரும் பஞ்சு வைத்ததில்லை. நீ வை. பஞ்சு போதாது, காதுக்கென்றே ரப்பர் அடைப்பான் விற்கிறதாம், சின்னவனிடம் பணம் போடச் சொல்லியிருக்கிறேன். உன்கூட வாசிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கு.

அடுத்த தடவை கூப்பிடும்போது போனை என்னிடம் தரச் சொல். வலது காதில் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா