செவ்வாய்க்கிழமை பொதுக்குழுவுக்குப் போறதுக்கு முன்னாடி, தம்பிக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். போன வாரம் போன்ல கேட்டீங்க, அண்ணே நம்ம பெந்தெகொஸ்தே ஊழியர் ஐக்கியத்துல, அதான் பாஸ்டர்கள் சங்கத்துல, என்னை செயற்குழுவுல போடப் போறாங்களாம், சரின்னு சொல்லவா வேண்டாமான்னு. நான் அப்ப பஸ்ல இருந்தேன், பக்கத்து சீட்ல நம்ம சபை ஆளுங்க ரெண்டு பேர், அதனால ஜெபம் பண்ணுவோம் தம்பின்னு சொல்லி நழுவிட்டேன். ஜெபம் பண்ணுவோம்னு ஒரு பாஸ்டர் இன்னொரு பாஸ்டர்கிட்ட சொன்னா பாதி நேரம் அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இதே கேள்விய இன்னும் மூணு நாலு பேர் கேட்டாச்சு, அதனால பொதுவுலயே எழுதிடறேன்.

நான் வெளிய நின்னு பேசுறவன்னு யாரும் நினைச்சிடக் கூடாது. பதினேழு வருஷமா அந்த மண்டபத்துல உட்கார்ந்து எந்திரிக்கிறேன், அதுல மூணு வருஷம் துணைப் பொருளாளர். ஸ்டாம்ப் பேடும் ரசீது புக்கும் என் பையில தான் கிடக்கும். ஆவியில நிறைஞ்சு பேசுற அந்நிய பாஷையில இன்னைக்கும் ஜெபிக்கிறேன், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. என் சந்தேகம் எல்லாம் தமிழ்ல பேசுறப்ப நாம என்ன பண்றோம்ங்கிறதுல தான்.

கூட்டம் எப்படி நடக்கும்னு சொல்றேன். பத்து மணின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கும், பதினொன்னேகாலுக்கு கீபோர்டு தம்பி வந்து சவுண்ட் செக் பண்ணுவான். ஆராதனை ஒரு மணி நேரம், நிஜமாவே நல்லா இருக்கும், கிராமத்துல தகர ஷெட்டுல பதினஞ்சு பேருக்கு பிரசங்கம் பண்ணி களைச்சுப்போன ஆளுங்க அன்னைக்கு தான் கண்ணீரோட பாடுவாங்க, அத நான் குறை சொல்லவே மாட்டேன். அப்புறம் பொன்னாடை. தலைவருக்கு, செயலருக்கு, சென்னையில இருந்து வந்த ஐயாவுக்கு, மண்டபத்த குறைஞ்ச வாடகைக்கு தந்தவருக்கு, பொன்னாடை வாங்கிட்டு வந்தவருக்கே ஒரு பொன்னாடை. பிறகு செய்தி, அதுல கோராகு எப்படி மோசேக்கு எதிரா எழும்பினான், பூமி எப்படி வாயைத் திறந்துச்சுன்னு ஒரு முக்கால் மணி நேரம். பொதுக்குழு நடக்கிற வருஷமெல்லாம் கோராகு கரெக்டா வந்துருவான், கவனிச்சுப் பாருங்க.

இது எல்லாம் முடியுறப்ப மணி ஒன்னே முக்கால், கீழ பிரியாணி தம் உடைச்ச வாசம் மாடிக்கு ஏறும். அப்ப தான் வரவு செலவு வாசிப்பாங்க. நாலு நிமிஷம். வாசிச்சவரே கர்த்தர் இம்மட்டும் நடத்தினாரே அதுக்காக எல்லாரும் ஆமென் சொல்லுவோமான்னு கேட்பாரு, நாம ஆமென்னு சொல்லுவோம், மினிட்ஸ் புக்ல கணக்கு ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டதுன்னு ஏறிடும். தம்பி, நாம கர்த்தருக்கு சொன்ன ஆமென்னை அவங்க ஆடிட்டுக்கு எடுத்துக்கிறாங்க. நிர்வாகிகள் தேர்வும் இப்படித்தான், ஓட்டு மாம்சத்துக்குரியது ஆவியானவரே ஏற்படுத்தட்டும்னு ஒரு ஜெபம், கண்ணைத் திறந்தா கையில டைப் பண்ண லிஸ்ட். ஆவியானவர் ஏற்படுத்துறதுக்கு முந்தின நாளே ஜெராக்ஸ் கடையில நின்னு அந்த லிஸ்டை பிரிண்ட் எடுத்தவன் நான் தான்.

தமிழ்நாடு சங்கப் பதிவு சட்டம் 1975ன் படி நிர்வாகக் குழுவோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக் கூடாது, ஆனா அதே ஆளை திரும்பவும் போடலாம். அந்தத் திரும்பவும்ங்கிற ஒரு வார்த்தையில தான் நம்ம தலைவர் ஐயா இத்தனை வருஷம் குடியிருக்காரு.

நமக்கு மட்டும் வந்த நோய்னு நினைக்காதீங்க. 1906ல லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவுல குதிரை கட்டிப் போட்டிருந்த ஒரு பழைய சபைக் கட்டடத்துல அடிமைகளா இருந்தவங்களோட மகன் வில்லியம் சீமோர் கூட்டம் நடத்துனாரு, நம்ம பெந்தெகொஸ்தே எழுப்புதல் அங்க இருந்து தான் பரவுச்சு, கருப்பர் வெள்ளையர் ஆம்பள பொம்பள எல்லாம் ஒன்னா உட்கார்ந்தாங்க, பொறுப்புலயும் இருந்தாங்க. ஸ்தாபனம்னாலே பாபிலோன், கெட்டுப்போன மதம்னு பேசின தலைமுறை அது. சரியா எட்டு வருஷம், 1914 ஏப்ரல்ல அர்கன்சாஸ் ஹாட் ஸ்பிரிங்ஸ்ல ஒரு முன்னூறு பேர் கூடி, நாங்க ஸ்தாபனம் ஆரம்பிக்கல, விசுவாசப் பிரமாணம் எதுவும் எழுத மாட்டோம், சும்மா ஒரு ஐக்கியம் தான்னு சொல்லி அசெம்பிளீஸ் ஆஃப் காட்ங்கிற பெந்தெகொஸ்தே சபைப் பிரிவை ஆரம்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாது. ரெண்டே வருஷத்துல, 1916ல, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லாம இயேசுவின் நாமத்துல மட்டும் ஞானஸ்நானம்ங்கிற சண்டை முத்தி, எழுத மாட்டோம்னு சொன்ன பிரமாணத்தை எழுதினாங்க, 585 ஊழியர்ல 156 பேர் வெளிய போனாங்க. இங்க பக்கத்துல கேரளா கும்பநாட்டுல கே.ஈ. ஆபிரகாம் வெள்ளைக்கார மிஷனரி கட்டுப்பாடு வேண்டாம்னு தனியா நின்னவரு, அவரோட ஐபிசி, அதான் இந்திய பெந்தெகொஸ்தே சபையும், 1935ல ஆந்திரா ஏலூர்ல போய் பதிவு பண்ண வேண்டியதா தான் போச்சு.

நம்ம திருநெல்வேலி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அசுசாவுக்கு 46 வருஷம் முன்னாடியே, 1860ல, அருளப்பன் ஐயா காலத்துல எழுப்புதல் வந்துச்சு, வெளிநாட்டு சம்பளம் வாங்காம ஊழியம் செஞ்ச மனுஷன். நம்ம கூட்டத்துல வருஷா வருஷம் அவர் பேரைச் சொல்லித்தான் காணிக்கை எடுப்பாங்க.

அப்ப ஐக்கியமே வேண்டாமான்னா, அப்படி சொல்ல எனக்கு வாய் வராது. தனியா நிக்கிற பாஸ்டருக்கு என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா. வாடகை வீட்டுல ஜெபம் பண்ணா ஒரு பெட்டிஷன் போதும், விஏஓ வந்து கதவைத் தட்டுவாரு. வழிபாட்டுத்தலமா கட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், அந்த ஆபீஸ் வராண்டாவுல தனியா நின்னு பாருங்க. கல்யாணம் நடத்தி வைக்க 1872 சட்டத்துல லைசென்ஸ் வேணும், நம்மள்ல பாதி பேருக்கு அது கிடையாது, இருக்கிற பாஸ்டரைத் தேடி ரெஜிஸ்டரோட கூட்டிட்டு வரணும். விசுவாசி செத்தா புதைக்க இடம் தேடி மெயின்லைன், அதான் பழைய பெரிய சபைக் கல்லறைத் தோட்டத்து கேட்ல சாயங்காலம் வரைக்கும் நின்னுருக்கேன். அன்னைக்கு போன் போட்டு நாப்பது பைக்ல ஊழியக்காரங்கள கூட்டிட்டு வந்தது இந்த ஐக்கியம் தான், இதே தலைவர் ஐயா தான். அதை நான் மறக்கல, அதனால தான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்னு கூட சொல்லலாம்.

ஆனா 2021 கொரோனா ரெண்டாவது அலையில நம்ம கூட இருந்த ஒரு பாஸ்டர் இறந்துட்டாரு. பேர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். மரண உதவி நிதிக்கு ஆளுக்கு ஐநூறுன்னு வசூல் பண்ணோம், எண்பது பேருக்கு மேல கொடுத்தாங்க, ரசீது போட்டதே நான் தான், நாப்பதாயிரத்துக்கு மேல வந்துச்சு. அவர் மனைவி, அந்த அம்மா கைக்குப் போனது இருபத்தஞ்சாயிரம். மிச்சம் கன்வென்ஷன் செலவுல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னாங்க. அவங்க சபை ஆளுங்களை பக்கத்து ஊர் பாஸ்டர் பராமரிக்கிறேன்னு கூட்டிட்டுப் போனாரு, ஆடு திருட்டுன்னு சொன்னா கோபம் வரும் அதனால சொல்லல, ரெண்டு மாசத்துல அந்த அம்மா வீட்டை காலி பண்ணாங்க. அவங்க புருஷனுக்கு சமமா இருபது வருஷம் வீடு வீடா போய் ஜெபிச்சவங்க தான், ஆனா பொதுக்குழுவுல பாஸ்டரம்மாக்களுக்கு வேலை பின்னாடி உட்கார்றதும் பந்தி பரிமாறுறதும், கேள்வி கேட்கிற இடம் அவங்களுக்கு எங்க இருக்கு.

பைபிள்ல அப்போஸ்தலர் 6ம் அதிகாரத்துல விதவைங்க விசாரிப்புல குறை வந்துச்சுன்னு முறுமுறுப்பு வந்தப்ப, அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதேன்னு பேதுரு சொன்னதா எழுதல. ஏழு பேரை நீங்களே பார்த்து தெரிஞ்செடுங்கன்னு ஜனங்ககிட்ட விட்டாங்க. 15ல எருசலேம் கூட்டத்துலயும், பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டதுன்னு கடைசியில எழுதுறாங்க பாருங்க, அதுக்கு மேல போய் வாசிச்சா மிகுந்த தர்க்கம் உண்டானபோதுன்னு இருக்கும். நாம தர்க்கத்தை வெட்டிட்டு கடைசி வரியை மட்டும் லெட்டர்பேடுல போடுறோம்.

இப்ப ஒன்னு சொல்லணும், இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன். அந்த பாஸ்டர் இறந்ததுக்கு அடுத்த வருஷ பொதுக்குழுவுல ஒரு வயசான பாஸ்டர், மலையடிவார ஊர்ல ஊழியம் செய்றவரு, எந்திரிச்சு, அந்த அம்மாவுக்கு கொடுத்தது போக மீதி எங்க ஐயான்னு கேட்டாரு. மைக் இல்ல, குரலும் நடுக்கம். மேடையில இருந்து என்னைப் பார்த்தாங்க. நான் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சத்தமா ஆரம்பிச்சேன். கீபோர்டு தம்பி சுருதி பிடிச்சான், மண்டபமே எந்திரிச்சு துதிச்சுச்சு. துதி சத்தத்துல அவர் குரல் மூழ்கிப்போச்சு, கொஞ்ச நேரம் நின்னுட்டு உட்கார்ந்துட்டாரு. சாப்பிடாம அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாருன்னு பிறகு தெரிஞ்சது. நான் ரெண்டு லெக் பீஸ் சாப்பிட்டேன்.

அந்த வருஷமே பொறுப்பை விட்டேன். உடம்பு சரியில்லைன்னு காரணம் சொன்னேன், அதுவும் பொய்.

அதனால தம்பி, செயற்குழுவுக்கு சரின்னு சொல்லுங்க. ஆனா சொல்றதுக்கு முன்னாடி மினிட்ஸ் புக்கையும் பாங்க் பாஸ்புக்கையும் கொடுங்க பார்க்கணும்னு செயலர்கிட்ட கேளுங்க, வாட்ஸ்அப்ல கேளுங்க, எழுத்துல இருக்கட்டும். புதுசா லிஸ்ட்ல வந்தவர்கிட்ட கையெழுத்து கேட்டு, நிர்வாகிகள் மாறினதைப் பதிவாளருக்குச் சொல்ற படிவம் 7 நீட்டுவாங்க, வெத்து பேப்பர்ல மட்டும் போட்டுடாதீங்க, நான் போட்டிருக்கேன். கணக்கு வாசிக்கிறத சாப்பாட்டுக்கு முன்னாடி இருந்து ஆராதனைக்கு அடுத்ததா மாத்தணும்னு ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. கலகக்காரன்னு சொல்லுவாங்க, யாராவது ஒருத்தர் உங்களைப் பத்தி சொப்பனம் கூட கண்டுட்டு வருவாரு.

நான் இடது பக்கம் ஃபேனுக்குக் கீழ நாலாவது வரிசையில இருப்பேன். அந்த மலையடிவார ஐயாவுக்கு போன் பண்ணியிருக்கேன், வர்றேன்னு சொல்லல, பார்ப்போம்னாரு. நீங்க எந்திரிச்சு தீர்மானத்தை வாசிங்க, வழிமொழிய நான் எந்திரிக்கிறேன். சுகர் மாத்திரை போடணும், அதனால ரெண்டு மணிக்குள்ள ஆரம்பிச்சிடுங்க.

பாஸ்டரம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க.

இப்படிக்கு,
அண்ணன்