முதல் செமஸ்டரிலேயே விழும் அரியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனால் கணினி அறிவியலில் சீட் கிடைக்கிறது. சீட்டோடு வேலை முடிந்ததாகக் கல்லூரிகள் நினைப்பதுதான் கோளாறு. தடுக்கி விழும் இடம் முதல் செமஸ்டர் கோடிங் பாடம்.

பிளஸ் 1-ல் சி++, பிளஸ் 2-ல் பைத்தான் என்ற நிரல்மொழிகளைப் படித்தவரும், உயிரியல் பிரிவில் கோடிங்கே தொடாதவரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். தெரிந்தவர் பட்டென்று விடை சொல்ல, மற்றவர் "நமக்கு வராது" என்று முதல் மாதத்திலேயே ஒதுங்கிவிடுகிறார். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி, முன் அனுபவத்தை வைத்து அறிமுக வகுப்பைப் பிரித்தது. ஜாவாவை விட்டுப் பைத்தானுக்கு மாறியது. இன்னும் சில மாற்றங்களும் சேர, 2006-ல் கணினி அறிவியல் எடுத்தவர்களில் ஏறக்குறைய 10 சதவீதமாக இருந்த பெண்கள் சில ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தொட்டார்கள். இங்கும் பிரிக்கலாம். பாடமும் வினாத்தாளும் இரு பிரிவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றுக்கு "வீக் பேட்ச்" என்று பெயர் வைத்தால் அத்தனையும் பாழ்.

நம் வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. கீபோர்டு யார் கையில் என்று பாருங்கள். ஒரு கணினிக்கு இருவர் என்றால் தெரிந்தவர் தட்டுவார், மற்றவர் ரெக்கார்டு நோட்டு எழுதுவார். ஏறக்குறைய ஒரே அளவு தெரிந்தவர்களை ஜோடி சேர்த்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டைக் கைமாற்ற வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவரை மிரட்டுவது திரையில் வரும் ஆங்கிலப் பிழைச்செய்தி. ஏலக்கூடத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் மீனின் எடையையும் கிலோ விலையையும் இன்புட் கட்டளையில் வாங்கிப் பெருக்கினால் டைப் எரர் வரும். இன்புட் தருவது எண் அல்ல, வெறும் எழுத்துச்சரம். இரண்டையும் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக மாற்றினால் ரூபாய் வந்துவிடும். தமிழில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை சின்டாக்ஸ் (எழுதும் முறையில் பிழை), இன்டென்டேஷன் (வரித் தொடக்க இடைவெளியில் பிழை), நேம் (தெரியாத பெயர்), டைப் எரர்கள்தான். நான்குக்கும் தமிழ் விளக்கம் எழுதி லேப் சுவரில் ஒட்டலாம்.

மடிக்கணினி இல்லாதவர் போனிலேயே பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்கும் பைட்ராய்டு செயலியை ஏற்றிக்கொண்டால், பிறகு நெட் இல்லாமலும் பழகலாம். ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் லேபைத் திறந்துவைப்பது கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு உதவாது. அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். பார்வையற்றவருக்கு திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆனால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் நோட்ஸை அது சரியாகப் படிக்காது; தட்டச்சு செய்தே தர வேண்டும்.

இன்னொன்று பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகில் கூலிக்குப் போகும் வீட்டில் வரவு நின்றுவிடும். செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே மாதங்களில்தான். தேர்வுக் கட்டணத்தை ஜனவரியிலிருந்தே தவணையாக வாங்கிக்கொள்ளக் கல்லூரிகள் முன்வர வேண்டும். இதற்கு அரசாணை எதற்கு? கல்லூரி முதல்வரின் கையெழுத்தே போதும்.

– கணினிப் பாட ஆசிரியர்கள், இராமநாதபுரம் மாவட்டம்