14 காரட்டில் தாலி

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். பெங்களூரில் வீட்டு வாடகைக்கு அரசாங்கமே உச்சவரம்பு வைத்தால் என்ன தப்பு என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். அப்போது பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாளாக, தங்க நகை செய்யும் தட்டாராக இருந்த உன் தாத்தா ஞாபகமாகவே இருக்கிறது.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சீனப் போர் ஓய்ந்த சமயம், அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. ஜனங்களின் தங்க மோகத்தைக் குறைக்க, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம். 22 காரட் கம்பி தாத்தா கையில் நூல் மாதிரி வளையும். 14 காரட் கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும். அதில் யார் தன் மகளுக்குத் தாலி செய்வார்கள்?

வேலை நின்றுபோனது. குமுட்டி அடுப்பு அணைந்து கிடக்க, தாத்தா ஊதுகுழலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். பாட்டி பட்டறை மண்ணைச் சலித்துக் கழுவி, பொட்டுத் தங்கம் தேறுமா என்று பார்ப்பாள். பல ஊர்களில் தட்டார்கள் உயிரையே விட்டார்கள்.

ஜனங்களின் ஆசை மட்டும் குறையவே இல்லை. கடத்தல் தங்கம் வந்தது. ராத்திரியில் கதவைத் தட்டி, 22 காரட்டில் செய்து தரச் சொல்வார்கள். வாழ்நாளில் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைக்காத மனுஷர், ஜன்னலைச் சாத்திக்கொண்டு திருடன் மாதிரி வேலை செய்தார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

14 காரட் விதி 1966இல் போனது. 1968இல் சட்டமே வந்தது: லைசென்ஸ், கணக்குப் புத்தகம், சோதனை. அதை நீக்க 1990 ஆனது. தாத்தா அப்போது இல்லை.

ராஜாஜி இதைத்தான் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்றார். 1952இல் முதலமைச்சராக இருந்தபோது அரிசிக் கட்டுப்பாட்டை அவர் எடுத்தார். பஞ்சம் வருமென்று பலர் பயந்தார்கள். பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது.

அரசாங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கண்ணு. மாற்றுக் குறைப்பவனை, எடையில் ஏமாற்றுபவனைப் பிடிக்கட்டும். ஹால்மார்க் முத்திரை அந்த வகையில் நல்ல காரியம். ஒழுங்காகத் தொழில் செய்கிறவனை எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்று கட்டிப்போடத்தான் கூடாது.

உச்சவரம்பு வந்தால் வீட்டை வாடகைக்கு விடுவாரா, பூட்டி வைப்பாரா என்று உன் வீட்டுக்காரரிடமே ஒரு தடவை கேட்டுப் பார். அட்வான்ஸை ரசீது இல்லாமல் கேட்பாரா என்றும் கேள். அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அப்பா