இரண்டு தாள்கள்

அன்பின் சிவம்,

உன் கடிதம் கிடைத்தது. பணம் அனுப்புகிறேன், கொழும்புக்குப் போய் உடம்பு முழுவதையும் சோதித்துக்கொண்டு வா என்று எழுதியிருந்தாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் வேண்டாம்.

சென்ற மாதம் கமலா என்னை இங்குள்ள வைத்தியசாலைக்கே கூட்டிப்போனாள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான், காலையில் தேநீர்கூட இல்லை. தாதி முழங்கை மடிப்பில் விரலால் தட்டித் தட்டி நரம்பைத் தேடினார். வெளியே வாங்கில் கமலா பிளாஸ்கோடு காத்திருந்தாள்.

வெறும் வயிற்றில் சீனி 118. 126 என்றால் நீரிழிவு. நான் படலையடியில் நிற்கிறேன். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் 1.3. வவுனியாவில் கமம் செய்கிறவனுக்கு இந்தச் சொல்தான் பயம். மதவாச்சி, பதவியாப் பக்கம் 1990களில் தெரியவந்த சிறுநீரக நோய் நம்மவரையும் விடவில்லை. சீனியோ அழுத்தமோ இல்லாதவனுக்கும் வருகிறது. சிறுநீரகம் வலித்துச் சொல்லாது, சிவம். பாதி வேலை நின்ற பிறகும் கிரியேற்றினின் எல்லைக்குள்ளேயே இருக்கலாம்.

வைத்தியர் கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய தாள் இருக்கிறதா?" காணி உறுதி வைத்த பையில் இருந்தது. 2022இல் கிரியேற்றினின் 0.9. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பயப்படும் எண்கள் அல்ல. மேசையில் அருகருகே வைத்தபோது அவர் முகம் மாறியது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்க எழுதினார். முழங்கால் வலிக்கு நானாகக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகளை அன்றோடு நிறுத்தினார். மூன்று மாதத்தில் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஐம்பது சோதனை கொண்ட அந்தப் பெரிய பொதி எனக்கு எதற்கு? தாளில் போடும் எல்லை, சுகமாயிருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேரை வைத்துப் போட்டது. ஐம்பது சோதித்தால் நோயில்லாதவனுக்கும் இரண்டு மூன்று எண் எல்லைக்கு வெளியேதான் நிற்கும். பிறகு அதன் பின்னால் ஓட வேண்டும். எனக்குத் தேவை சீனி, அழுத்தம், சிறுநீர், கிரியேற்றினின். அவற்றை ஆண்டுதோறும் எடுத்து, தாளைப் பத்திரமாக வைப்பது.

உன் அப்பாவுக்குச் சீனி இருந்தது, கடைசியில் கண்ணும் போனது. நீ எப்போது பார்த்தாய்? பழைய தாள்களைத் தேடி, எண்களை ஆண்டு வாரியாக எனக்கு எழுது. ஆவணியில் என் எண் வந்ததும் நானும் எழுதுகிறேன்.

அன்புடன்,
இராசன்